ஓடி முடித்துப் பத்து நிமிடமாகியும் நாடி 104-இல் நிற்கிறதே, இதயம் பலவீனமா?

கேள்வியில் எண்கள் நிறைய இருப்பதால் முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 43. நாலு மாதமாக மாலை ஆறு மணிக்கு மைதானத்தில் ஓடுகிறீர்கள். நிற்கும்போது கைக்கடிகாரம் 164 காட்டுகிறது. ஒரு நிமிடம் கழித்து 136, இரண்டாவது நிமிடம் 121, பத்து நிமிடம் ஆன பிறகும் 104. சும்மா இருக்கும்போது 72. கூடவே ஓடும் நண்பருக்கு, அதுவும் பி.பி. மாத்திரை போடுகிறவருக்கு, 126-க்கு மேல் ஏறுவதே இல்லை, பத்து நிமிடத்தில் 80-க்கு வந்துவிடுகிறது. "உனக்கு ஹார்ட் வீக்குடா" என்று அவர் சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கம் சரியில்லை. எத்தனை நிமிடத்தில் நார்மலுக்கு வர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க நினைத்தது வேறு: என் இதயத்துக்கு ஏதாவது ஆகிவிட்டதா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் உங்கள் எண்களில் வேறு வேறு இடங்களில் இருக்கிறது. நீங்கள் கவலைப்படும் 104-இல் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடையாது.

நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். இருபது வருடத்துக்கு மேல் டி.எம்.டி. அறையிலும், பைபாஸ், ஸ்டென்ட் முடிந்து வருகிறவர்களுக்கான பயிற்சிக் கூடத்திலும் வேலை. டி.எம்.டி. என்றால் நெஞ்சில் இ.சி.ஜி. பட்டைகளை ஒட்டி, டிரெட்மில்லில் நடக்கவிட்டு, நடக்க நடக்க இ.சி.ஜி. பார்ப்பது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். நாடி ஏறுவதையும் இறங்குவதையும் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேரிடம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. உங்கள் இ.சி.ஜி.யை நான் பார்க்கவில்லை, ஆகவே இங்கே எழுதுவது விளக்கம் மட்டுமே, சர்ட்டிஃபிகேட் இல்லை.

பலரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கும் ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் 72, இதயத்தின் சொந்த வேகம் இல்லை. இதயத்தின் மேல் வலது அறையில் இருக்கும் சைனஸ் கணு என்ற சிறு திசுதான் தாளம் போடுகிறது. நரம்புகளின் குறுக்கீடு இல்லாமல் விட்டால் அது உங்கள் வயதில் நிமிடத்துக்கு 90-லிருந்து 100 வரை துடிக்கும். மூளையின் அடிப்பகுதியிலிருந்து கழுத்து வழியாக இறங்கிவரும் வேகஸ் நரம்பு அதைக் கடிவாளம் போட்டு 72-இல் பிடித்துவைத்திருக்கிறது. 1921-இல் ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி இதைத் தவளை இதயத்தில் காட்டினார். ஒரு இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், அது மெதுவானது. அது ஊறிக்கிடந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவானது. நரம்பு ஏதோ ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது என்பது அன்றைக்கு உறுதியானது. அசிட்டைல்கோலின் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். 1936-இல் ஹென்றி டேலுடன் சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நீங்கள் ஓட ஆரம்பித்ததும் முதலில் நடப்பது இந்தக் கடிவாளம் தளர்வதுதான். ஷூ லேஸைக் கட்டும்போதே ஐந்தாறு துடிப்பு கூடுவதைக் கடிகாரத்தில் பார்த்திருப்பீர்கள். "ஓடப்போகிறோம்" என்ற உத்தரவு தசைக்குப் போகும்போதே அதன் நகல் இதயத்துக்கும் போய்விடுகிறது. ஏறத்தாழ 100 வரையிலான ஏற்றம் பெரும்பாலும் கடிவாளம் தளர்ந்த கணக்கு. அதற்கு மேல் போகப் போகச் சாட்டை வருகிறது: இதயத்தை வேகப்படுத்தும் சிம்பதெடிக் நரம்புகள், அவற்றின் பின்னாலேயே ரத்தத்தில் கலக்கும் அட்ரினலின். இவ்வளவும் எதற்கு? 72 துடிப்பு, துடிப்புக்கு சுமார் 70 மில்லி என்றால் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம். 164 துடிப்பு, துடிப்புக்கு 100 மில்லி என்று வைத்துக்கொண்டால் 16 லிட்டருக்கு மேல். அதில் பெரும்பங்கு கால் தசைக்கும் தோலுக்கும் போய்விடும். குடலும் சிறுநீரகமும் அதுவரை குறைந்த பங்கில் காலம் தள்ளும். சாப்பிட்டவுடன் ஓடினால் வயிற்றைப் புரட்டுவதற்கு இந்தப் பங்கீட்டுத் தகராறு ஒரு காரணம்.

இனி நீங்கள் நின்ற பிறகு நடப்பது. முதல் ஒரு நிமிடமும் அதற்குப் பிந்தைய பகுதியும் வேறு வேறு கதை. முதல் நிமிடத்தில் பார்ப்பது, வேகஸ் நரம்பு திரும்பக் கடிவாளத்தை எவ்வளவு சீக்கிரம் இழுக்கிறது என்பதை. மாற்று இதயம் பொருத்திய ஒருவரை என் கூடத்தில் பயிற்சி செய்ய வைத்தபோது இது கண்ணெதிரே புரிந்தது. அறுவை சிகிச்சையில் நரம்புகள் வெட்டுப்பட்டுவிடுவதால் அவருடைய இதயம் படுத்திருக்கும்போதே 96. சைக்கிளை மிதிக்க ஆரம்பித்தபோது முதல் இரண்டு மூன்று நிமிடத்துக்கு எண் ஏறவே இல்லை. பிறகு, ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகு, மெல்ல ஏறியது. மிதிப்பதை நிறுத்தியதும் இன்னும் இரண்டு துடிப்பு கூடிவிட்டுத்தான் இறங்க மனசு வந்தது அதற்கு. "சார், நான் நின்னுட்டேன், அது இன்னும் ஓடுது" என்று சிரித்தார். நரம்பு இல்லாமல் வெறும் ரத்தத்தின் ரசாயனத்தை நம்பி இருக்கும் இதயம் அப்படித்தான் இருக்கும். உங்களுக்கு ஒரு நிமிடத்தில் 28 துடிப்பு இறங்குகிறது என்றால் உங்கள் நரம்பு வேலை செய்கிறது.

இந்த முதல் நிமிடத்துக்குத்தான் மருத்துவத்தில் மதிப்பு அதிகம். 1999-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் மருத்துவர்கள் டிரெட்மில் பரிசோதனைக்கு வந்த 2,428 பேரை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. முதல் நிமிடத்தில் 12 துடிப்போ அதற்குக் குறைவாகவோ இறங்கியவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது. வயது, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் கொண்டு கழித்த பிறகும் ஏறத்தாழ இரு மடங்கு. அந்த 12-தான் இன்றைக்கும் பல ஆய்வகங்களில் கோடாக இருக்கிறது. உங்கள் 28 அந்தக் கோட்டுக்கு வெகு தூரம் அப்பால்.

ஆனால் இந்த 12-ஐ எடுத்துக்கொண்டு அண்டை வீட்டுக்காரரையெல்லாம் அளக்கக் கிளம்பிவிடாதீர்கள். அந்த 2,428 பேரின் சராசரி வயது 57, ஏதோ ஒரு காரணத்துக்காகப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்கள். நிறுத்திய பிறகு அவர்களை இரண்டு நிமிடம் மெதுவாக நடக்கவும் விட்டார்கள். நடந்துகொண்டே இருந்தால் நாடி மெதுவாக இறங்கும், உட்கார்ந்தால் இன்னும் வேகம், படுத்துவிட்டால் அதைவிட வேகம். அதனால்தான் உடனே படுக்கவைத்து எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) பார்க்கும் பரிசோதனைகளுக்கு 12-க்குப் பதில் 18 என்ற கோட்டை வைத்தார்கள். நீங்கள் நின்றுகொண்டு அளந்தீர்களா, நடந்தா, திண்ணையில் உட்கார்ந்தா என்று எழுதவில்லை. ஒரு நாள் உட்கார்ந்து, மறுநாள் நடந்து அளந்த எண்களை ஒப்பிட்டு யாராவது பயந்தால் அது வீண் பயம். இன்னொன்று, குறைவாக இறங்குவது ஒரு அறிகுறி. அதுவே இதயத்தைக் கெடுக்கிறது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. பல வருடச் சர்க்கரை நோயில் இந்த நரம்பே பழுதாவது உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குச் சும்மா இருக்கும்போது நாடி அதிகமாகவும், ஓய்வில் இறக்கம் மந்தமாகவும் இருக்கும். நம் ஊரில் நான் பார்க்கும் மந்தமான இறக்கங்களில் பாதிக்குப் பின்னால் சர்க்கரைதான்.

நடந்தபடி ஆறுவதைப் பற்றிப் பேசும்போது என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஐம்பதைத் தாண்டிய பஸ் கண்டக்டர் ஒருவர், ஒன்பதாவது நிமிடம், நாடி 158. "போதும் தம்பி, கால் பின்னுது" என்றார். நான் பெல்ட்டை டக்கென்று நிறுத்திவிட்டேன். அவர் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். பத்துப் பதினைந்து விநாடி போயிருக்கும். மேலுதட்டில் பொட்டுப் பொட்டாக வியர்வை, முகம் சுண்ணாம்பு. "கண்ணு இருட்டிட்டு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நர்ஸ் அக்கா ஓடிவந்து அவரைத் தரையில் கிடத்தி இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தார். அரை நிமிடத்தில் முழித்துக்கொண்டு "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். அவர் இதயத்தில் ஒன்றுமில்லை, ரிப்போர்ட்டும் நார்மல். ஓடும்போது கால் தசையின் ரத்தக் குழாய்கள் அகலமாகத் திறந்திருக்கும். கெண்டைக்கால் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் அந்த ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்பும். காலை நிறுத்தினால் பிழிவது நின்றுவிடும், திறந்த குழாய் மட்டும் திறந்தபடியே இருக்கும். ரத்தம் காலில் தேங்கும், மூளைக்குக் கொஞ்ச நேரம் தட்டுப்பாடு. ஆகவே ஓட்டத்தை முடித்ததும் கம்பம் மாதிரி நின்று கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மூன்று நான்கு நிமிடம் நடங்கள்.

சரி, அந்த 104. கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூட்டம் சட்டென்று கலைந்துவிடும், அதுதான் முதல் நிமிடம். அண்டா கழுவுவதும், நாற்காலி எண்ணுவதும், பந்தல்காரர் கணக்கு முடிப்பதும் சாயங்காலம் வரை இழுக்கும். உங்கள் உடம்பும் நின்ற பிறகு அப்படித்தான் பாக்கி வேலை பார்க்கிறது. தசையில் கைவசம் இருந்த பாஸ்போகிரியேட்டின் என்ற உடனடிச் சரக்கு தீர்ந்திருக்கும். அதில் பாதி அரை நிமிடத்திலும், மீதி சில நிமிடங்களிலும் நிரம்பும். தசை கடுமையாக உழைக்கும்போது உண்டாகி ரத்தத்தில் ஏறிய லாக்டேட் பாதியாகக் குறையவே இருபது நிமிடம் போல ஆகும், சும்மா உட்காராமல் நடந்தால் கொஞ்சம் சீக்கிரம். லாக்டேட் என்றதும் மறுநாள் தொடை வலிக்கு அதுதான் காரணம் என்று ஜிம்மில் சொல்வார்கள். தப்பு. அது சில மணி நேரத்தில் போய்விடும், இதயமும் கல்லீரலும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். மறுநாள் வலி, பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவின் வலி. ஓடி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குவதை 1920-களில் ஏ.வி. ஹில் என்ற உடலியல் விஞ்ஞானி ஆக்சிஜன் கடன் என்று பெயரிட்டு, லாக்டேட்டைத் தீர்ப்பதற்காகத்தான் என்று விளக்கினார். 1984-இல் கேசரும் புரூக்ஸும் எழுதிய ஆய்வுரைக்குப் பிறகு அந்தப் பெயரே பெரும்பாலும் கைவிடப்பட்டது. உயர்ந்த உடல் சூடு, அட்ரினலின், இதயத்தின் கூடுதல் வேலை எல்லாம் சேர்ந்த செலவு அது.

இவற்றில் உங்கள் 104-க்குப் பெரிய காரணம் சூடு என்றே நான் நினைக்கிறேன். தசை எரிக்கும் சக்தியில் கால்பங்குதான் ஓட்டமாக மாறுகிறது, முக்கால்பங்கு வெறும் வெப்பம். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாடி எட்டிலிருந்து பத்து வரை கூடும், காய்ச்சலில் பார்ப்பதும் இதுவே. சூட்டை வெளியேற்ற ரத்தத்தைத் தோலுக்கு அனுப்ப வேண்டும், வியர்வை ஆவியாக வேண்டும். கடலோர ஊர்களில் மாலை ஆறு மணிக்குக் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு வியர்வை ஆவியாகாமல் சொட்டத்தான் செய்யும். சொட்டும் வியர்வை குளிர்விக்காது, தண்ணீரை மட்டும் கொண்டுபோகும். ரத்தத்தில் நீர் குறைந்தால் துடிப்புக்குத் துடிப்பு தள்ளும் அளவு குறையும், எண்ணிக்கையைக் கூட்டித்தான் இதயம் சரிக்கட்டும். ஒரு வாரம் அதிகாலை ஐந்தரைக்கு அதே தூரம், அதே வேகத்தில் ஓடிப் பாருங்கள். பத்தாவது நிமிட எண் கண்டிப்பாகக் குறையும் என்று பந்தயம் கட்ட மாட்டேன், ஆனால் குறையாவிட்டால் ஆச்சரியப்படுவேன். ஓடுவதற்கு முன் டீ குடிப்பது, முந்தின இரவு தூக்கம் கெடுவது, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, விட்டுப்போகாத காய்ச்சல் எல்லாமே நாடி இறங்கும் நேரத்தை நீட்டும். "ஹார்ட் வீக்" என்ற வார்த்தையைக் கேட்டபிறகு வந்த பயமும்தான்.

முழுவதும் 72-க்கு வர அரை மணி, ஒரு மணி, கடும் பயிற்சி என்றால் அதற்கு மேலும் ஆகலாம். அதில் நோய் ஒன்றுமில்லை. சமநிலை என்றால் புறப்பட்ட இடத்துக்கே அச்சாகத் திரும்புவது என்றும் எண்ண வேண்டாம். உடம்பு தன் உள்நிலையைக் காத்துக்கொள்வதற்கு 1926-இல் ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்த வால்டர் கேனனே, அது தேங்கி நிற்கும் நிலை இல்லை என்று சொல்லியிருக்கிறார். ஓடி முடித்த சில மணி நேரத்துக்கு ரத்த அழுத்தம் ஓடுவதற்கு முன் இருந்ததைவிடக் குறைவாகவே இருக்கும். ஓரிரு நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி சற்றுக் கூடிவிடும். மாதக்கணக்கில் ஓடினால் 72 என்பதே 64 ஆகலாம்.

உறுதியில்லாத விஷயங்களுக்கு வருகிறேன். முதலாவது உங்கள் கடிகாரம். பச்சை வெளிச்சம் அடித்துத் தோலுக்கடியில் ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்க்கும் கருவி, கை வீசும்போது தடுமாறும். சில சமயம் நாடியை விட்டுவிட்டுக் காலடியை எண்ணும். நிமிடத்துக்கு 164 அடி எடுத்துவைப்பது சாதாரண ஓட்டக்காரரின் கணக்கு என்பதால் உங்கள் 164 மேல் எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. நின்றவுடன் மணிக்கட்டில் விரல் வைத்து 10 விநாடி எண்ணி ஆறால் பெருக்குங்கள். 15, 30 விநாடி எண்ணினால் எண்ணும்போதே இறங்கிவிடும். இரண்டாவது, அதிகபட்ச நாடியைக் கணிக்க 220-இல் வயதைக் கழிக்கும் சூத்திரம். 1970-களின் தொடக்கத்தில் கிடைத்த தரவுகளின் மேல் குத்துமதிப்பாக இழுத்த கோடு அது. 2001-இல் வந்த 208 கழித்தல் வயதின் 0.7 மடங்கு என்பது அதைவிடத் தேவலை. உங்கள் வயதில் இரண்டும் 177, 178 என்றுதான் வரும். நாற்பதில் இரண்டும் சரியாக 180. அறுபத்தைந்தில் 155-க்கும் 162-க்கும் இடைவெளி விழும். எதை எடுத்தாலும் மூன்றில் ஒருவர் பத்துத் துடிப்புக்கு மேல் விலகியே இருப்பார். மூன்றாவது, கடிகாரம் காலையில் கொடுக்கும் 'ரெக்கவரி ஸ்கோர்'. துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி மாறுவதை அளப்பது நல்ல அறிவியல்தான். அதை நூற்றுக்கு இத்தனை என்று ஒவ்வொரு கம்பெனியும் மாற்றும் சூத்திரத்தை வெளியில் சொல்வதில்லை. நான் அதைப் பார்த்து யாருக்கும் பயிற்சியை நிறுத்தச் சொன்னதில்லை. ஓட்டக்காரர்களின் நாடி ஏன் குறைகிறது என்பதிலேயே இன்னும் சண்டை உண்டு. வேகஸின் பிடி இறுகுவதாக நெடுநாள் சொன்னோம், சைனஸ் கணுவே மாறுகிறது என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்? ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், அது தாடைக்கோ இடது கைக்கோ பரவுவது, ஓட்டத்துக்கு நடுவிலேயே மயக்கம், நின்ற பிறகு தாளமே இல்லாமல் தாறுமாறாக அடிப்பது, போன மாதம் சுலபமாக ஓடிய தூரத்துக்கு இந்த மாதம் இளைப்பது. இவற்றில் எது வந்தாலும் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுங்கள். நெஞ்சழுத்தம் ஓய்விலும் விடவில்லை என்றால் 108. காய்ச்சலோடு ஓடவே கூடாது, இதயத் தசை அழற்சி இருந்தால் ஆபத்து. வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் திடீர் மரணம் நடந்திருந்தால் எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு முறை இ.சி.ஜி., எக்கோ பார்த்துவிடுங்கள். இவை எதுவுமில்லை, முதல் நிமிட இறக்கமும் விரலில் எண்ணி இருபதுக்கு மேல் வருகிறது என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் நாளைக்கும் ஓடுவேன்.

கடைசியாக உங்கள் நண்பர். அடுத்த முறை அவருடைய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். அட்டெனலால், மெட்டோபிரலால், பைசோபிரலால் என்று 'லால்' என முடிந்தால், அது பெரும்பாலும் சாட்டையைப் பிடுங்கிவைக்கிற பீட்டா பிளாக்கர் வகை. அவர் 126-க்கு மேல் ஏறாததற்கு அதுவே போதுமான காரணம். அவ்வளவு உயரம் ஏறாதவருக்கு இறங்கவும் தூரம் இல்லை. ஆம்லோடிபின், டெல்மிசார்டன் என்று இருந்தால் இந்த விளக்கம் பொருந்தாது, அவர் உண்மையிலேயே உங்களைவிட மெதுவாக ஓடுகிறாரா என்று பார்க்க வேண்டும். எதுவானாலும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை அவராக நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 'லால்' வகையைத் திடீரென நிறுத்தினால் நாடியும் பி.பி.யும் எகிறும், அந்தக் கேஸ்களையும் நான் பார்த்திருக்கிறேன்.